வாலால் பற்றி நிற்கும் மருந்து

எஹலியகொடப் பக்கத்துத் தோட்டங்களில் மழை பிடித்தால் அட்டையும் வரும், வீசிங்கும் வரும். லயத்துக் காம்பராவின் சுவரில் பூஞ்சணம் ஏறும். ஈரம் காயாத இறப்பர் விறகு அடுப்பில் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். மலையேறும்போது நெஞ்சு இறுகினால் மடியிலிருக்கும் நீலப் பம்பை எடுத்து இரண்டு தரம் அடித்துக்கொண்டு மேலே நடக்கிறவர்கள் உண்டு.

அந்தப் பம்பிலிருப்பது சல்பூட்டமோல். சில நிமிடங்களில் மூச்சு திறக்கும். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும். பெரட்டுக்குப் போகுமுன் அடித்தது பகல் கொழுந்து நிறுக்கும்போது மிச்சமிருக்காது. ஆஸ்த்துமாவுக்கோ விடியற்காலம்தான் பிடித்த நேரம். சுவாசக் குழாய்கள் மற்ற நேரத்தைவிட நாலு மணி வாக்கில்தான் அதிகம் ஒடுங்குகின்றன. இரவு படுக்குமுன் அடித்த மருந்து அதற்குள் போய்விட்டிருக்கும்.

மருந்தை எப்படி அங்கேயே நிறுத்தி வைப்பது? குழாயைச் சுற்றி ஓடும் தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. மருந்து அவற்றில் அமர்ந்தால் தசை தளரும். சல்பூட்டமோல் சிறிய மூலக்கூறு, நீரோடு போகிற சுபாவம், அமரும், கழன்றுவிடும். கிளாக்ஸோ நிறுவனத்து வேதியியலாளர்கள் அதே தலையை வைத்துக்கொண்டு, பின்னால் கொழுப்பை விரும்பும் ஒரு நீண்ட வாலை ஒட்டினார்கள். அதுதான் சல்மெட்டரோல், 1990இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. தோட்டத்து ஆட்களுக்கு இதன் வித்தையை விளக்குவது சுலபம்: அட்டை பின்பக்கத்தால் காலைப் பற்றிக்கொண்டுதான் முன்பக்கத்தால் கடிக்கிறது. வால் ஏற்பியின் ஒதுக்குப்புறத்தில் பிடித்துக்கொள்வதால் தலை கழன்றாலும் மறுபடி அமர்கிறது. பல காலம் ஊகமாக இருந்த இந்த விஷயம், 2018இல் ஏற்பியைப் படிகமாக்கிப் பார்த்தபோது கண்ணுக்கே தெரிந்தது. பலன் 12 மணி நேரம். ஃபோர்மொட்டரோல் வேறு வழியில் அதே நேரத்தைச் சாதிக்கிறது. செல்லின் மேலுறைக்குள் புகுந்து தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. சல்மெட்டரோலைப் போல் அது தாமதிப்பதில்லை, நிமிடங்களில் வேலையைத் தொடங்கும்.

குழாயைத் திறக்கும் இன்னொரு பாதை சென்னையிலிருந்து கிளம்புகிறது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஊமத்தையைப் புகைத்தால் இழுப்பு தணியும் என்ற நாட்டு வழக்கம் அவர் மூலம் வெள்ளைக்காரருக்குத் தெரியவந்தது. 1802இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் அந்தச் செடியைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதிலுள்ள அட்ரோப்பின் வகைச் சரக்கு, குழாயை இறுக்கச் சொல்லும் நரம்பின் கட்டளையை மறிக்கிறது. கூடவே வாயை உலர்த்தும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், அளவு மீறினால் புத்தி தடுமாறும், உயிருக்கும் ஆபத்து. இலைக்கு இலை வீரியம் மாறுவதால் அளவு கண்டுபிடிக்கவும் முடியாது. யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. பிற்பாடு வேதியியலாளர்கள் மூலக்கூறின் நைட்ரஜனில் நிலையான மின்னேற்றம் ஒன்றை ஏற்றி, மூளைக்குள் நுழையாதபடி செய்தார்கள். முதலில் ஐப்ரட்ரோப்பியம், பிறகு 2002 வாக்கில் டியோட்ரோப்பியம். 18 மைக்ரோகிராம், நாளைக்கு ஒரே தரம். அந்த நரம்புக் கட்டளையை வாங்கும் ஏற்பியை விட்டுக் கழல ஒரு நாளுக்கும் மேலாகிறது.

இவ்வளவு கெட்டியாக நிற்கும் மருந்து ஆளை ஏமாற்றவும் செய்யும். தசை தளர்ந்து மூச்சு சுகமாக வரும். உள்ளே குழாயின் சுவரில் வீக்கம் பாட்டுக்கு வளரும். அமெரிக்காவில் 26,355 பேரை வைத்து நடந்த சல்மெட்டரோல் ஆய்வு 2003இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆஸ்த்துமாவால் இறந்தவர்கள் மருந்து எடுத்தோரில் 13 பேர், எடுக்காதோரில் 3 பேர். அதனால்தான் ஆஸ்த்துமாக்காரருக்கு சல்மெட்டரோல் வகையைத் தனியாகக் கொடுப்பதில்லை. வீக்கம் தணிக்கும் ஸ்டீரொய்டோடு சேர்த்து ஒரே பம்பில் கொடுக்கிறார்கள். 2019லிருந்து உலக வழிகாட்டிகள் நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பதையும் வேண்டாமென்கின்றன. ‘ஸ்டீரொய்ட்’ என்ற சொல்லுக்குப் பயந்து அந்தக் கூட்டுப் பம்பை அலுமாரியில் வைத்துவிடுவதுதான், என் கணக்கில், மழையைவிடப் பெரிய எதிரி.

சிகரெட்டைத் தொட்டேயிராத பாட்டிமார் அடுப்புப் புகையால் வாங்கிக்கொள்ளும் நாட்பட்ட நுரையீரல் நோய் வேறு கதை. அங்கே குழாயில் ஏற்பட்ட சேதம் பெரும்பாலும் திரும்பாது. டியோட்ரோப்பியம் போன்றவற்றைத் தனியாகவே தரலாம். படியேற, குளிக்க, பேச மூச்சு கொஞ்சம் மிஞ்சும்.

கிளினிக்கில் இவை பலருக்கும் தூள் கெப்சூலாகக் கிடைக்கின்றன. மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்கள் உண்டு. வயிற்றுக்குப் போன தூளால் நெஞ்சுக்குப் பலன் இல்லை. துளை போடும் வகைக் கருவியில் கெப்சூலை வைத்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, வாயை வைத்து இழுக்கும்போது உள்ளே அது விர்ரென்று அதிர வேண்டும். சத்தம் வராவிட்டால் இழுப்பு போதவில்லை. கருவிக்குள் ஊதக் கூடாது, ஈரம் பட்ட தூள் கட்டிபடும். எஹலியகொட மாதிரி எந்நேரமும் காற்று நசநசக்கும் ஊரில் கெப்சூலை அன்றன்றைக்குத்தான் உறையிலிருந்து பிரிக்க வேண்டும். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு அதை வைக்கும் இடமல்ல.