மண்ணுக்குள் போகும் குழாய்க்கு ஒரு சட்டை

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்தது. மகளோடு லாச்சப்பல் மெற்றோவுக்கு நடந்தேன். மழை தூறியது. எங்கள் தலைக்கு மேலே, இரும்புப் பாலத்தில் 2ஆம் இலக்க மெற்றோ ஓடியது.

"அப்பா, குளிர்காலம் முழுக்க பல்கனியில விட்டதுக்கே என்ர சைக்கிள் கறள் பிடிச்சிட்டுது. இந்தப் பாலம் 1903இல திறந்ததெண்டு சொன்னீங்கள். இது மட்டும் எப்பிடி நிக்குது?"

"சைக்கிள்ல எந்த இடத்தில கறள்?"

"பெயின்ற் கீறுப்பட்ட இடத்தில."

விடை அங்கேதான் இருக்கிறது. இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் கறள் வரும். கறள் உதிர்ந்தால் உள்ளே உள்ள புது இரும்பு வெளியே தெரியும். அதிலும் கறள் பிடிக்கும். பெயின்ற் தண்ணீரையும் காற்றையும் தடுக்கிறது. 1889இல் கட்டிய ஈபிள் கோபுரத்துக்கும் ஏறக்குறைய 7 வருடத்துக்கு ஒருமுறை பெயின்ற் பூசுகிறார்கள்.

எரிவாயு கொண்டுபோகும் உருக்குக் குழாய்கள் மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றை அடிக்கடி கிண்டி எடுத்துப் பூச முடியுமா? முடியாது. கறள் தின்று ஓட்டை விழுந்தால் எரிவாயு கசியும், தீப்பிடிக்கலாம். ஆகவே புதைக்கும் முன்பே நல்ல சட்டை போட வேண்டும்.

முதலில், சின்ன இரும்புத் துணிக்கைகளை வேகமாக அடித்துக் குழாயைத் துப்புரவாக்குவார்கள். பிறகு சூடாக்குவார்கள். மின்னேற்றம் கொடுத்த எப்பொக்சித் தூளை அதன்மேல் விசிறுவார்கள். தலையில் தேய்த்த சீப்பில் கடதாசித் துண்டு ஒட்டுமே, அதுபோலத் தூள் குழாயில் ஒட்டும். சூட்டில் உருகிப் பரவி, இறுகிவிடும். பட்டர் எத்தனை தரமும் உருகும். அவித்த முட்டை திரும்ப உருகாது. இறுகிய எப்பொக்சி முட்டையைப் போல!

ஆனால் ஒரு சிக்கல். வழக்கமான தூளுக்கு ஏறக்குறைய 230 பாகை செல்சியஸ் சூடு தேவை. மிகப் பலமான சில உருக்குகளின் இயல்பு அந்தச் சூட்டில் மாறிவிடலாம். அதனால் 200 பாகைக்கும் குறைந்த சூட்டிலேயே இறுகும் தூள்களைச் செய்தார்கள். எரிபொருளும் மிச்சம்.

கடைசியில் ஒரு சோதனை. மின்சாரம் கொடுத்த தூரிகையைக் குழாயின் மேல் கொண்டுபோவார்கள். ஊசித்துளை இருந்தாலும் 'சடக்' என்று பொறி பறக்கும். அந்த இடத்தைத் திருத்திய பிறகே குழாயைப் புதைப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பெயின்ற் டப்பாவோடு சைக்கிளிடம் ஓடினாள்.

"பொறு பிள்ளை! முதல்ல கறளைத் தேய்ச்சு எடு. அதுக்கு மேல பூசினால் உள்ளுக்குள்ள தின்னும்."

புதிய சொற்கள்
கறள் – துரு
துணிக்கை – மிகச் சிறிய துண்டு
பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு

விடை எழுதுங்கள்
1. கறள் வர எவை மூன்றும் சேர வேண்டும்?
2. எப்பொக்சி ஏன் முட்டையைப் போன்றது?
3. குறைந்த சூட்டில் இறுகும் தூள் ஏன் தேவைப்பட்டது?

செய்து பாருங்கள்
இரண்டு இரும்பு ஆணிகளை எடுங்கள். ஒன்றுக்கு நகப்பூச்சு பூசிக் காயவிடுங்கள். இரண்டையும் ஈரத் துணியில் ஒரு கிழமை வையுங்கள். என்ன நடந்தது? வகுப்பில் சொல்லுங்கள்.