இதயத்தின் மதகுகள்



வாடிப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் முதியோர் வாழும் வீடுகள் பலவற்றில் மாடக்குழியிலோ சாமி படத்தின் அடியிலோ ஒரு மாத்திரை அட்டை இருப்பதை இன்று காணலாம். அதன்மீது அம்லோடிபின் என்று அச்சிட்டிருக்கும். இரத்த அழுத்தத்துக்காக நாள்தோறும் ஒன்று விழுங்கும் சிறிய வெள்ளை மாத்திரை அது. அது எந்த வகை மருந்து என்று மருந்தியல் நூலில் தேடினால், ‘கால்சியக் கால்வாய் அடைப்பான்’ என்று விடை கிடைக்கும்.

இந்தப் பெயரைப் படித்த கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். “ஐயா, என் பாட்டிக்கு எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிக் கால்சிய மாத்திரை எழுதித் தந்திருக்கிறீர்கள். இரத்த அழுத்தத்துக்கென்று கால்சியத்தை அடைக்கும் மாத்திரையும் தந்திருக்கிறீர்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது ஆகாதா?” நல்ல வினா. மருத்துவம் பயில்வோரே கேட்கத் தயங்கும் வினா. இம்மருந்தின் செயல் முழுவதும் இவ்வினாவின் விடைக்குள் அடங்கியிருப்பதால் அதையே இன்றைய பேச்சின் பொருளாகக் கொள்கிறேன்.

பெயரில் உள்ள இரண்டு சொற்களுமே நம்மைச் சிறிது ஏமாற்றுகின்றன. ‘கால்வாய்’ என்றதும் நம் வட்டாரத்தார் மனத்தில் நீண்டு ஓடும் பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் தோன்றும். 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டபின், மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையில் கலந்தது. பேரணையிலிருந்து அந்நீரைக் கொண்டுசெல்லும் கால்வாயில் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம் பாசனம் பெறுகிறது; வாடிப்பட்டி வட்டத்தின் பங்கு மட்டும் 16,452 ஏக்கர். மருந்து நூல் கூறும் கால்வாய் இத்தகையது அன்று. அது கால்வாயின் தலைப்பில் நிற்கும் மதகைப் போன்றது. ‘அடைப்பான்’ என்பதும் மிகை. மருந்து மதகை முற்றாக மூடுவதில்லை, திறப்பைக் குறைக்கிறது. ஆற்றில் எவ்வளவு நீர் போகிறது என்பது ஒரு கணக்கு. மதகு எவ்வளவு திறந்தது என்பது வேறு கணக்கு. மாணவர் கவலைப்பட்டது முதற்கணக்கைப் பற்றி. மருந்து கைவைப்பது இரண்டாவதில்.

நம் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உள்ளது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இறுகிக் கிடக்கிறது. எஞ்சிய சிறு பங்கே இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து நின்று வேலை செய்கிறது. இதிலும் ஒரு வியப்பு உண்டு. உயிரணுவுக்கு வெளியே உள்ள கால்சியம், ஓய்ந்திருக்கும் உயிரணுவுக்கு உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு அடர்ந்தது. அணைக்கு ஒரு புறம் நிறைந்த நீரும் மறுபுறம் வறண்ட வாய்க்காலும் இருப்பதை ஒத்தது இது. உயிரணுவின் மெல்லிய சுவரில் புரதத்தால் ஆன நுண்ணிய மதகுகள் உள்ளன. மின் துடிப்பு ஒன்று அச்சுவரைக் கடந்து செல்லும்போது அவை நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடுகின்றன. அந்த இமைப்பொழுதில் கால்சியம் உள்ளே பாய்கிறது. தசை சுருங்குகிறது.

கால்சியம் இன்றி இதயம் துடிக்காது என்பதை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்கவிட்டு ஆராய்ந்துவந்தார். காய்ச்சி வடித்த நீரில் செய்த கரைசல் என்று அவர் நம்பிய ஒன்றில் இதயம் நெடுநேரம் நன்றாகத் துடித்தது; 1882-இல் அவ்வாறே எழுதியும் விட்டார். உண்மையில் அது குழாய் நீரில் செய்த கரைசல் என்பது பின்னரே தெரியவந்தது. மெய்யாகவே வடித்த நீரைப் பயன்படுத்தியபோது இதயம் சோர்ந்து நின்றுபோயிற்று. சிறிதளவு சுண்ண உப்பைச் சேர்த்தவுடன் மறுபடி துடித்தது. நம் பக்கத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்மையாகப் படிகிறதே, அதில் உள்ள கால்சியந்தான் அந்தக் குழாய் நீரிலும் இருந்தது. 1883-இல் ரிங்கர் தம் கட்டுரையைத் திருத்தி வெளியிட்டார். மருத்துவமனைகளில் நரம்பு வழியே ஏற்றும் ‘ரிங்கர் லாக்டேட்’ என்னும் திரவம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதயத் தசையில் வெளியிலிருந்து நுழையும் கால்சியம் மிகச் சிறிதளவே. ஆனால் அது ஒரு தூதுவனைப்போல் உள்ளே சென்று, உயிரணுவுக்குள்ளேயே இருக்கும் கால்சியக் களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறது. அதனின்றும் வரும் பெருமளவு கால்சியமே தசை இழைகளை ஒன்றன்மேல் ஒன்று நழுவச் செய்து சுருக்குகிறது. சுருங்கியதும் கால்சியம் மீண்டும் களஞ்சியத்துக்கும் வெளிக்கும் இறைக்கப்படுகிறது, தசை தளர்கிறது. ஒரு துடிப்பு முடிந்தது. நாள் ஒன்றுக்கு இலட்சம் முறை இது நடைபெறுகிறது.

அப்படியானால் இம்மாத்திரையை உண்பவருக்குக் கை கால்கள் ஓய்ந்துபோக வேண்டாவா என்று நீங்கள் கேட்கலாம். ஓய்வதில்லை. மண்வெட்டி பிடிக்கும் கைத்தசையின் அமைப்பு வேறு. அங்கே சுவரில் உள்ள மதகு உட்களஞ்சியத்தோடு நேரே இணைக்கப்பட்டிருக்கிறது. மின் துடிப்பு வந்தவுடன் அந்த இணைப்பே களஞ்சியத்தைத் திறந்துவிடும். வெளிக்கால்சியத்தின் வரவை அது எதிர்பார்ப்பதில்லை. ஆகவே இம்மருந்து முதன்மையாகத் தொடுவது இரண்டு இடங்களையே: இதயத்தையும், இரத்தக் குழாய்களின் சுவரில் வளையம் வளையமாக அமைந்த மெல்லிய தசையையும். எலும்பில் கிடக்கும் கால்சியத்துக்கும் பாட்டி அருந்தும் பாலுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் இம்மருந்தோடு பகை இல்லை.

இனி இரத்த அழுத்தத்துக்கு வருவோம். ‘இரத்தக் கொதிப்பு’ என்று வழங்கும் சொல்லை நான் விரும்புவதில்லை. இரத்தம் கொதிப்பதும் இல்லை, கோபக்காரருக்கு மட்டுமே அந்நோய் வருவதும் இல்லை; சாந்தமே உருவான மனிதர்களிடமும் 180 என்ற அளவைக் கண்டிருக்கிறேன். பெருங்குழாயிலிருந்து கிளைத்துக் கிளைத்துச் செல்லும் இரத்த வழியில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விட்டமுடைய நுண்தமனிகள் உள்ளன. அவற்றின் தசை இறுகி நின்றால் வழி குறுகுகிறது. அதே அளவு இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக முயல வேண்டியிருக்கிறது. எவ்வளவு கூடுதல்? பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் கண்ட விதி விடை கூறும். குழாயின் விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்காகிறது. மறுபுறம், விட்டம் பத்தில் ஒரு பங்கு மட்டும் விரிந்தால் போதும், தடையில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குறைந்துவிடும். இரத்தம் வெறும் நீர் அன்று, நுண்தமனி கண்ணாடிக் குழாயும் அன்று. ஆயினும் கணக்கின் போக்கு இதுவே. 5 மில்லிகிராம் மருந்து பெரிய விளைவை உண்டாக்குவதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. சில மதகுகள் சற்றே குறைவாகத் திறக்கின்றன. வளையத் தசை சற்றே நெகிழ்கிறது. அழுத்தம் வெகுவாக இறங்குகிறது.

இம்மருந்துகளின் தன்மையை முதலில் அறிந்தவர் ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்து அறிஞர் ஆல்பிரெக்ட் பிளெக்கன்ஸ்டைன். 1963-ஆம் ஆண்டின் இறுதியில் மருந்து நிறுவனங்கள் இரண்டு, இதய நோய்க்கென ஆக்கிய புதுப்பொருள்களை அவரிடம் அனுப்பின. இதயக் குழாய்களை விரிக்கும் அப்பொருள்கள் இதயத்தின் சுருக்கத்தையும் ஏன் தளர்த்துகின்றன என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. அவற்றுள் ஒன்றே பின்னாளில் வெரபமில் எனப் பெயர் பெற்றது. பிளெக்கன்ஸ்டைன் சோதித்தபோது இதயத் தசையில் மின் துடிப்பு ஏறத்தாழ மாறாமல் ஓடியது. சுருக்கம் மட்டும் மறைந்தது. ரிங்கர் கால்சியமற்ற நீரில் கண்ட அதே நிலை! கால்சியத்தைக் கூடுதலாகச் சேர்த்ததும் சுருக்கம் மீண்டது. இவ்வகைப் பொருள்களுக்கு அவர் ‘கால்சிய எதிரிகள்’ என்று பெயரிட்டார். ஜெர்மனியிலேயே நிஃபெடிபினும், ஜப்பானில் டில்டியாசெமும், இங்கிலாந்தில் அம்லோடிபினும் அடுத்தடுத்துத் தோன்றின.

இவை யாவும் ஒரே மதகைத் தொட்டாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அம்லோடிபினும் நிஃபெடிபினும் குழாய்த் தசையின் மதகுகளையே பெரிதும் நாடும். வெரபமில் அடிக்கடி திறந்து மூடும் மதகில் வலுவாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே இதயத்தின் மேலறைகளில் தோன்றும் சில வகை விரைவுத் துடிப்பை அடக்க அது பயன்படுகிறது. டில்டியாசெம் இடைநிலையில் நிற்கிறது. நடந்தால் நெஞ்சை அழுத்தும் வலிக்கு இவை மூன்று வழியாலும் உதவும்: இதயத்தின் சுமை குறைகிறது, இதயத்துக்கே உணவூட்டும் குழாய்கள் விரிகின்றன, சிலருக்கு அக்குழாய்கள் திடீரென இறுகிப்போவது தடுக்கப்படுகிறது. ஆனால் தளர்ந்துபோன இதயத்துக்கு வெரபமிலும் டில்டியாசெமும் ஆகா. அட்டினோலால் போன்ற மருந்து உண்பவர் வெரபமிலையும் சேர்த்தால் நாடி ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை ‘அதுவும் பிரஷர் மாத்திரைதானே’ என்று கடன் வாங்கி உண்ணும் வழக்கத்தை நான் அஞ்சுவது இதனால்தான்.

வேகமே சிறப்பு என்ற எண்ணத்தையும் இம்மருந்துகள் பொய்யாக்கின. முன்பு நிஃபெடிபின் மருந்துக் குளிகையைத் துளைத்து நாவின் அடியில் விட்டு, சில நிமிடங்களில் அழுத்தத்தை இறக்கிவிடும் முறை எங்கும் பரவியிருந்தது. அளவு திடீரென வீழ்ந்ததால் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமற்போய்ச் சிலர் துன்புற்றனர். 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அம்முறையைக் கைவிடுமாறு மருத்துவர்கள் எழுதினர். அம்லோடிபினின் பெருமை அதன் மந்தத்தில் உள்ளது. உண்ட மருந்தில் பாதி உடலை விட்டு நீங்க 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே நாளைக்கு ஒரு வேளை போதும். முழுப்பயன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும். 2002-இல் வெளிவந்த பேராய்வு ஒன்றில் 33,000-க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். மாரடைப்பைத் தடுப்பதில் அம்லோடிபின், நீர் பிரிக்கும் மருந்தாகிய குளோர்தலிடோனுக்கு நிகராக நின்றது. இதயத் தளர்ச்சியைத் தடுப்பதில் மட்டும் சற்றுப் பின்தங்கியது.

மருந்து மலிவானது, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விலையின்றியும் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே சென்றன. ஆயினும் வாயிலுக்கு வந்த மாத்திரை வயிற்றுக்குப் போவதற்குள் ஒரு தடை இருக்கிறது. அத்தடை பெரும்பாலும் காலில் தொடங்குகிறது.

நடவு வேலைக்குச் செல்லும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். நாளும் 10 மில்லிகிராம் அம்லோடிபின் உண்டுவந்தவர், பத்து நாளாக நிறுத்திவிட்டார். “மாத்திரை தின்னா காலு வீங்குதுங்கய்யா. மெட்டி கழல மாட்டேங்குது. கிட்னி போயிருச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. நிறுத்தி ரெண்டு நாளாச்சு, ஒண்ணும் செய்யல. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்” என்றார். அளவு 176/104.

அவர் கூறியதில் ஒரு பகுதி உண்மை. மருந்து நுண்தமனியை விரிக்கிறது. அதற்கு அப்பால் உள்ள சிரைகளை அவ்வளவாக விரிப்பதில்லை. வாய்க்காலின் தலைமடை அகலமாகி, வடிகால் பழைய அளவிலேயே நின்றால் வயலில் நீர் தேங்குமல்லவா? அவ்வாறே நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிந்து கணுக்காலில் கட்டுகிறது. நாள் முழுதும் குனிந்து சேற்றில் நிற்பவருக்கு அது மிகுதி. சிறுநீரகம் கெட்டதால் வந்த வீக்கம் இதுதானா என்று ஐயம் தோன்றுவது இயல்பே. ஆகவே சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தோம். கேடு ஒன்றும் இல்லை. சிறுநீரகத்தை மெல்ல அரிப்பது அடக்கப்படாத அழுத்தமே என்பதையும் விளக்கினேன். “நிறுத்தி இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை என்றீர்களே அம்மா, அந்த இரண்டு நாளும் பழைய மாத்திரைதான் உள்ளே நின்று காத்தது” என்றேன். சிறிது யோசித்து, “கடை மடைத் தண்ணி மாதிரியா?” என்று கேட்டார். மதகை அடைத்தபின்னும் வாய்க்காலில் மிச்ச நீர் ஓடிக்கொண்டிருப்பதை அவர் அறியாதவரா?

நீர் பிரிக்கும் மாத்திரையால் இவ்வீக்கம் அவ்வளவாக வடிவதில்லை. அம்லோடிபினை 5 மில்லிகிராமாகக் குறைத்து, சிரைப்பக்கத்தையும் நெகிழ்த்தும் எனலாப்ரிலைச் சேர்த்தோம். நான்காவது வாரம் வந்தபோது மெட்டி விரலில் தளர்ந்து சுழன்றது. அளவு 134/82.