பட்டத்துக்கும் பதவிக்கும் இடையே

அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். தொண்டை மண்டலத்திலே தோன்றிய அப்புலவர் கடல் கடந்து ஈழத்துக்கு வந்து, பரராசசேகர மன்னன் அவையிலே பாடிப் பரிசில் பெற்றார் என்பது வழிவழி வருஞ் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கண்ணொளி இழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இராமநாதபுரம் அரசவையை அணிசெய்தார். இவ்விருவரிடத்தும் புலமை இருந்தது. அதனை மதித்து ஏற்கும் அவையும் இருந்தது. அவையோர் நோக்கியது அவர்தம் பாட்டையேயன்றிக் கண்ணையன்று. இன்று புலமையை வழங்கும் பல்கலைக்கழகங்கள் பெருகியுள்ளன. மாற்றாற்றல் உடைய பிள்ளைகளும் அங்கே கற்றுப் பட்டம் பெறுகின்றனர். அப்பட்டத்தை ஏற்கும் அவை எங்கே என்பதே ஈண்டு யான் எழுப்பும் வினா.

என்னிடம் இலக்கணம் பயின்ற மாணாக்கன் ஒருவன் விழிப்புலன் அற்றவன். நன்னூற் சூத்திரத்தை ஒருமுறை கேட்டால் மறுமுறை பிழையின்றி ஒப்புவிப்பான். பல்கலைக்கழகம் புகுந்து தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுத் தேறினான். அங்கே நூல்களை வாசித்துச் சொல்ல நண்பர் இருந்தனர். பரீட்சையிலே அவன் சொல்ல எழுதுவதற்கு ஒருவர் இருந்தார். மேலதிக நேரமும் கிடைத்தது. பட்டமளிப்பு விழா முடிந்ததும் இவையெல்லாம் பல்கலைக்கழக வாயிலோடு நின்றுவிட்டன. பின்னர் ஆசிரியப் பதவிக்கான நேர்முகப் பரீட்சை ஒன்றுக்குச் சென்றான். துணையின்றி எப்படி வருவீர், கரும்பலகையில் எப்படி எழுதுவீர் என்னும் இரண்டு வினாக்களோடு அது முடிவுற்றது. "ஐயா, நான் படித்ததைப் பற்றி அவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை" என்று அவன் கூறியது என் நெஞ்சை விட்டு அகலவில்லை. இன்று அவன் வீட்டு விறாந்தையிலே அயற்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றான். அவனுக்குக் கற்பிக்க இயலுமோ என்று ஐயுறுவோர்க்கு அப்பிள்ளைகளே விடை.

நமது நாட்டிலே இதற்கு விதி இல்லையோ எனின், உண்டு. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களுள் 3 வீதத்தை மாற்றாற்றல் உடையோருக்கு வழங்குமாறு 1988ஆம் ஆண்டிலேயே பொது நிருவாகச் சுற்றுநிருபம் ஒன்று பணித்தது. வேலைக்கு ஆட்சேர்ப்பதில் உடற்குறை காரணமாகப் பாகுபாடு காட்டலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. மாற்றாற்றல் உடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016ஆம் ஆண்டிலே இலங்கை ஏற்று உறுதிசெய்தது.

ஆயினும் அச்சுற்றுநிருபத்திலே ஒரு நிபந்தனை உளது. உரிய தகைமை இருத்தல் வேண்டும். குறைபாடு கடமைக்கு இடையூறாதல் கூடாது. இலக்கணம் கற்பிப்பவனாகிய யான் 'இடையூறு' என்னும் சொல்லிலே தரித்து நிற்கின்றேன். இடையூறு எங்கே உளது? சக்கர நாற்காலியில் வருபவருக்கு இடையூறாவது அவர் காலா, கந்தோரின் படிக்கட்டா? சாய்தளம் அமைத்தால் அவ்விடையூறு மறைந்துவிடுகின்றதே! பொதுக் கட்டடங்களில் இத்தகைய வசதிகள் வேண்டுமென 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் கூறுகின்றன. கரும்பலகையும் அத்தன்மையதே. அவுஸ்திரேலியாவிலே விழிப்புலன் அற்ற மைக்கேல் கரன் என்பவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள், கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும், தமிழையும் வாசிக்கும், விலையின்றிக் கிடைக்கும். அதன் துணையோடு தட்டெழுதிய பாடத்தைச் சுவரிலே ஒளிவீழ்த்திக் காட்டலாம்.

மிகையான சுமையாகாத வசதியைச் செய்துகொடுக்க மறுப்பதும் பாகுபாடே என்பது அச்சமவாயத்தின் துணிபு. ஆகவே, முதலில் வசதியைச் செய்து, அதன் பின்னரும் இடையூறு எஞ்சுகின்றதோ என ஆராய்வதே முறை. இம்முறை மாறினால் 3 வீதம் தாளிலேயே தங்கிவிடும்.

துணை என்பது கட்டடத்துக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. எகிப்து நாட்டுத் தாஹா ஹுசைன் இளமையிலே பார்வை இழந்தவர். 1914இல் கெய்ரோப் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்று, பாரிசிலும் பயின்று மீண்டு, பேராசிரியராகி, 1950இல் கல்வி அமைச்சரும் ஆனார். மாணவராய் இருந்தபோது பிறர் வாசிக்கக் கேட்டுக் கற்ற அவருக்கு, பதவியில் அமர்ந்த பின்னரும் அவ்வாசிப்புத் துணை தொடர்ந்தது. பிரித்தானியாவிலே 1994ஆம் ஆண்டு தொடங்கிய அரச திட்டமொன்று, பணிபுரிவோருக்கு வேண்டும் கருவி, வாசிப்பவர், சைகைமொழி பெயர்ப்பாளர், பயணம் ஆகியவற்றின் செலவுக்கு உதவுகின்றது.

நாமும் செய்யத்தக்கன உள. இறுதியாண்டுக்கு முன்னரே, விடுமுறை நாள்களில் இம்மாணவர் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் பணி பழக இடமளித்தல் வேண்டும். பட்டத்தோடு, எத்தகைய வசதியிருப்பின் எவ்வேலையைச் செம்மையாகச் செய்வார் என்னும் குறிப்பொன்றையும் விரிவுரையாளர் எழுதிக் கொடுக்கலாம். மாணவரும் தமக்கு வேண்டுவதை நாணமின்றி, தெளிவாக எடுத்துரைக்கப் பழகுதல் நன்று. கேட்பது பிச்சையன்று, வேலை செய்வதற்குரிய கருவி. செவிப்புலன் அற்றவர் நேர்முகப் பரீட்சைக்கு வரின், சைகைமொழி அறிந்தவர் ஒருவரை அமர்த்துதல் அழைத்தவரின் கடமை.

ஆட்சேர்க்கும் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இரக்கத்தை யான் வேண்டவில்லை. உங்கள் முதல் வினா, வந்திருப்பவர் கற்றதைப் பற்றியதாக இருக்கட்டும். இரண்டாம் வினா, அவருக்கு என்ன வசதி வேண்டும் என்பதாக இருக்கட்டும். அவ்விரண்டுக்கும் விடை பெற்ற பின்னர் உங்கள் தீர்ப்பைக் கூறுங்கள்.