இரண்டு மார்க் கால்

தசைக்கு மார்க் போடுவது பிசியோதெரபிஸ்டுகளின் வழக்கம். முழு மார்க் ஐந்து. தசை லேசாகத் துடிக்கிறது, கால் அசையவில்லை என்றால் ஒன்று. காலைத் தானாகத் தூக்க முடிந்தால் மூன்று. எதிரே அழுத்தும் கையையும் தள்ளிக்கொண்டு தூக்கினால் நான்கோ ஐந்தோ. இதில் பாவப்பட்டது இரண்டு மார்க்தான். அந்தத் தசை சுருங்கும், வேலை செய்யும். ஆனால் காலின் எடையைத் தூக்குமளவுக்குத் தெம்பு கிடையாது. பார்க்கிறவர்கள் கால் போய்விட்டதென்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

புவியீர்ப்பை அளவுகோலாக வைத்து இப்படி மார்க் போடும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் பாஸ்டன் எலும்பு மருத்துவர் ராபர்ட் லவெட். 1921 ஆகஸ்டில், 39 வயது அரசியல்வாதி ஒருவருக்குத் திடீரென இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. அவரைப் பரிசோதித்து, இளம்பிள்ளை வாதம் என்று சொன்னவரும் லவெட்தான். நோயாளி, பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1924 அக்டோபரில் ரூஸ்வெல்ட் ஜார்ஜியா மாநிலத்தின் வாம் ஸ்பிரிங்ஸுக்குப் போனார். அங்கே ஊற்றுநீர் இயற்கையாகவே சுமார் 31 டிகிரி செல்சியஸில் வருகிறது. தரையில் ஊன்ற முடியாத கால்களோடு, நான்கடித் தண்ணீரில் அவரால் நடக்க முடிந்தது. 1926இல் சுமார் இரண்டு லட்சம் டாலர் கொடுத்து அந்த இடத்தையே வாங்கிவிட்டார். அடுத்த ஆண்டு அது போலியோ நோயாளிகளுக்கான சிகிச்சை மையமாயிற்று. தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்களுக்குத்தான் மகிமை என்று பலர் நம்பினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெதுவெதுப்பு அவரை நெடுநேரம் குளத்தில் இருக்க விட்டது. மீதி வேலையைப் பார்த்தது ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசை.

நம் உடலின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதனால் தொப்புள் வரை தண்ணீரில் நின்றால் பாதத்தில் இறங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகிறது. கழுத்து வரை நின்றால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்: 70 கிலோ ஆளுக்கு வெறும் 7 கிலோ. இரண்டு மார்க் தசைக்குக்கூட இது கட்டுப்படியாகும். தேய்ந்துபோன முழங்கால் மூட்டுக்கும் அப்படித்தான்.

எடையைக் குறைக்கிற அதே தண்ணீர், அசைவை எதிர்க்கவும் செய்கிறது. காலை இருமடங்கு வேகத்தில் வீசினால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். வலிக்கிறதா, நிறுத்துங்கள், எதிர்ப்பும் உடனே நின்றுவிடும். தூக்கிய இரும்புக் குண்டு அப்படி விட்டுவிடாது. தள்ளாடினாலும் மெல்லத்தான் சாய்வோம் என்பதால், விழப் பயந்தே நடப்பதை விட்ட முதியவர்களுக்குக் குளம் தைரியம் கொடுக்கிறது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

அழுத்தத்தின் கதைதான் இன்னும் சுவாரசியம். 120 சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் பாதத்தைச் சுற்றிலும் சுமார் 88 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்துகிறது; சாதாரணமாக நம் ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 80தான். வீங்கிய காலில் தேங்கிய நீர் இதனால் மேலேறி வடிகிறது. கழுத்தளவு இறங்கினால் ஏறத்தாழ 700 மில்லி ரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு இடம்பெயர்கிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதென்று இதயம் எடுத்துக்கொண்டு, சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. குளத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கு வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். பலவீனமான இதயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

வெந்நீரென்றால் எல்லோருக்கும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். மூட்டுவலிக்காரர்களுக்கு 33 டிகிரியையொட்டிய வெதுவெதுப்பு இதம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கோ சூடு தளர்ச்சியைக் கூட்டிவிடும், குளிர்ந்த குளமே ஏற்றது.

தண்ணீர்ப் பயிற்சியால் பலன் எவ்வளவு? முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு அது உதவுகிறதா என்று பார்த்த 13 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு 2016இல் அலசியது. வலியும் முடக்கமும் குறைந்தது உண்மை, ஆனால் சிறிதளவே. அதுவும் குறுகிய காலத்துக்கு. ரூஸ்வெல்ட்டும் கடைசிவரை இரும்புப் பட்டைகள் இல்லாமல் தரையில் நிற்கவில்லை. எலும்பு உறுதிப்படவும் அதன்மேல் பாரம் விழுந்தாக வேண்டும்.

ஆகவே கெட்டிக்காரத் தெரபிஸ்டுகள் நோயாளியைக் குளத்திலேயே விட்டுவைப்பதில்லை. கழுத்தளவில் தொடங்கி, கால் தேறத் தேற மார்பளவு, இடுப்பளவு என்று ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அவரவர் எடையை அவரவருக்கே தவணை முறையில் திருப்பிக் கொடுக்க இத்தனை எளிய வழி தரையில் இல்லை.