மணலிக்கு வந்த இங்கிலீஷ் மெட்டு

‘காட் சேவ் த கிங்’ என்னும் பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டை அமைத்தவர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஜான் புல், ஹென்றி கேரி என்று பெயர்கள் அடிபட்டாலும் எதுவும் நிரூபணமாகவில்லை. லண்டனில் 1744-ல் வந்த ஒரு பாடல் தொகுப்பில் மெட்டு அச்சாகியிருக்கிறது. மறு ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் அரச படை கலகக்காரர்களிடம் தோற்றது. அந்தப் பரபரப்பில் டிரூரி லேன் நாடக அரங்கில் இதைப் பாட, ஊரெங்கும் பிடித்துக்கொண்டது. பிறகு பீத்தோவன் இதைப் பியானோவில் விரித்தார். லிச்சென்ஸ்டைன் இன்றும் தன் தேசிய கீதத்தை இதே மெட்டில்தான் பாடுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்களோடு மெட்டு சென்னைக் கோட்டைக்கும் வந்தது. கோட்டைக்கு வடக்கே, திருவொற்றியூரை அடுத்த மணலி இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் ஊர். அன்று அது கம்பெனியின் துபாஷிகளாக, அதாவது மொழிபெயர்ப்பாளர்-தரகர்களாக, இருந்த முதலியார் குடும்பத்தின் ஊர். அவர்கள் ஆதரவில் இசைக்கலைஞர் ராமசாமி தீட்சிதர் அங்கே குடியேறினார். அவர் மகன் முத்துசாமி தீட்சிதர் (1775-1835) கோட்டைப் பேண்டு இசையைக் கேட்டது அப்போதுதான் என்கிறது இசை மரபு. தம்பி பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

முத்துசாமி தீட்சிதர் கோட்டைப் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவையே நோட்டுஸ்வர சாகித்யங்கள். ஏறக்குறைய 40 கிடைத்துள்ளன. அரசரை வாழ்த்திய மெட்டு அவர் கையில் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆகி, சியாமளா தேவியைத் துதித்தது. மெட்டு சங்கராபரண ஸ்வரங்களுக்குள் அப்படியே அடங்குகிறது: கீழே மந்தர நிஷாதம், மேலே தைவதம், அவ்வளவுதான் அதன் எல்லை. மும்மூன்றாக எண்ணும் நடை திஸ்ரத்துக்குப் பொருந்திவிட்டது. கமகம் மட்டும் இல்லை. வரிகளில் தமது ‘குருகுஹ’ முத்திரையை வைக்கவும் அவர் தவறவில்லை. பெரிய கிருதிகளின் ஆழத்தை இவற்றில் தேடக் கூடாது. அந்நிய மெட்டின் ஒவ்வொரு அசைவிலும் சொல் இடறாமல் உட்காரும் லாகவத்தைத்தான் ரசிக்க வேண்டும்.

சி.பி. பிரவுன் என்ற ஆங்கிலேய அறிஞர் இவற்றில் சிலவற்றைத் தொகுத்து வைத்தார். அதே தீட்சிதர் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் 1905-ல் ஆரம்ப மாணவர்களுக்கான தம் பாடநூலில் முப்பதுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தார். இங்கிலீஷ் மெட்டு மோகம் முத்துசாமி தீட்சிதரோடு நின்றுவிடவில்லை. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்டு’ மதுரை மணி ஐயரின் கச்சேரிகளில் கைதட்டலை அள்ளியது. தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இன்று பெரும்பாலும் குழந்தைகளின் பாட்டு வகுப்பில்தான் கேட்கின்றன; கச்சேரி மேடையில் அபூர்வம்.