பிள்ளையின் வளர்ச்சிக்கும் கணக்கு வைப்போம்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். தராசு எத்தனை கிலோ காட்டியது, தண்ணீருக்கும் கூடைக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று பார்க்கிறோம். மாதம் முடிந்ததும் எத்தனை பேர் விழுந்தது, எந்த நாளுக்கு அரைப்பேர் போட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். இது நம் உழைப்பின் கணக்கு. அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் பிள்ளையின் வளர்ச்சி என்று வந்தால், "அது பாட்டுக்கு வளருது, அதுக்கு என்ன" என்று இருந்துவிடுகிறோம். காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரம், மாலையில் சமையலும் விறகும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளை எப்போது நடந்தது, எப்போது பேசியது, இல்ல விளையாட்டுப் போட்டியில் எத்தனையாவதாக வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பார்க்காமல் விட்டால் இரண்டு நட்டம். பிள்ளைக்கு ஒரு குறை இருந்தால் அது காலம் கடந்துதான் தெரியவரும். ஒரு திறமை இருந்தாலோ அது தெரியாமலே அழிந்துவிடும். எந்த வயதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் ஐந்து வருடம்

பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு சுகாதாரப் பதிவேடு தருகிறார்கள். பல வீடுகளில் அது பெட்டிக்கு அடியில் கிடக்கும். தடுப்பூசிக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும். உண்மையில் அதில் உள்ள வளர்ச்சிக் கோடுதான் தாய் தகப்பன் பார்க்க வேண்டிய முதல் கணக்கு.

இரண்டு வயது வரை மாதத்துக்கு ஒரு தடவையும், அதன் பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் பிள்ளையை நிறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வரும். கோடு மேல்நோக்கிப் போனால் பிள்ளை வளர்கிறது. படுத்துவிட்டால் ஏதோ தடை இருக்கிறது. கீழே இறங்கினால் உடனே கவனிக்க வேண்டும். ஒரு புள்ளியை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். நிறை குறைவாகப் பிறந்த பிள்ளை என்றாலும் கோடு தொடர்ந்து ஏறினால் நல்ல அறிகுறிதான். பொதுவாக ஐந்து மாதத்தில் பிறந்த நிறை இரண்டு மடங்கும், ஒரு வயதில் மூன்று மடங்கும் ஆகும்.

நிறையோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஒரு விஷயம் தெரியவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் 100க்கு 32 பேர். "நம்ம ஆட்களே கட்டைதான்" என்று சொல்லி இதைத் தள்ளிவிடக் கூடாது. வயிற்றில் இருக்கும்போது தாய்க்குச் சத்துக் குறைவு, பிறந்த பிறகு உணவுக் குறைவு, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், இவைதான் பெரிய காரணங்கள். திரிபோஷா கிடைத்தால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவருக்கே போகட்டும். வீட்டில் எல்லோரும் பங்குபோட்டால் பிள்ளைக்குப் போய்ச்சேருவது இரண்டு கரண்டிதான்.

உட்காருவது, நடப்பது, பேசுவது

ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள் ஒரே மாதத்தில் நடக்க வேண்டும் என்று சட்டமில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவது வீண். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு.

பிடிக்காமல் தானாக உட்காருவது 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 18 மாதத்துக்குள். ஒரு வயதளவில் "அம்மா", "தாத்தா" போல ஒன்றிரண்டு சொற்கள் வரும். இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லும்.

இந்த எல்லை தாண்டினால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்க வேண்டாம். பின்னால் நின்று கை தட்டியும் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். பேச்சு வராததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். முன்பு செய்ததைப் பிள்ளை செய்யாமல் விட்டுவிட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். மருத்துவமாதுவிடம் சொன்னால் எங்கே போக வேண்டும் என்று வழி காட்டுவார்.

பிள்ளைக் காம்பராவில் விடும் பிள்ளையின் முதல் நடையைப் பெரும்பாலும் அங்குள்ள பொறுப்பாளர்தான் பார்க்கிறார். மாலையில் பிள்ளையைத் தூக்கும்போது "சாப்பிட்டுச்சா" என்று கேட்பதோடு, "இன்னைக்குப் புதுசா என்ன செஞ்சிச்சு" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பார்த்ததை நீங்களும் தெரிந்துகொள்ளலாம்.

ஓட்டமும் பந்தும்

பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் நிறுக்கும் பழக்கம் நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிள்ளையைச் செருப்பில்லாமல் கதவு நிலையோடு நிறுத்தி, தலைக்கு நேரே கரியால் ஒரு கோடு போட்டுத் திகதியை எழுதுங்கள். பிறந்தநாளுக்கு ஒன்று போட்டாலே போதும். ஐந்து வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்வது வழமை. வருடம் முழுவதும் கோடு அசையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெண்பிள்ளைகள் திடீரென்று வளர்வது பெரும்பாலும் 12 வயதையொட்டி. ஆண்பிள்ளைகள் அதற்கு இரண்டு வருடம் பிந்தி வளர்வார்கள். இந்தக் காலத்தில் கை கால் நீளும், முழங்காலும் குதிகாலும் நோகும், நேற்றுவரை நன்றாக ஓடியவன் தடுமாறுவான். "சோம்பேறி ஆயிட்டான்" என்று ஏசாதீர்கள். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் சரியாகும். நோவு ஒரு காலில் மட்டும் நின்றாலோ, இரவில் எழுப்பினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பாடசாலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு மூச்சும் காலும் இயற்கையாகவே பலமானவை. அப்படியிருந்தும் ஓட்டத்தில் பாதியில் நிற்கிறார்கள் என்றால் பல தடவை காரணம் இரத்தச்சோகை. சீக்கிரம் களைப்பு, மூச்சு வாங்குதல், கண்ணின் கீழ் இமைக்குள் வெளிறிப் போதல் ஆகியவை அடையாளம். முருங்கைக்கீரை, பயறு, கடலை, நெத்தலிக் கருவாடு, முட்டை கொடுங்கள். பூச்சி மருந்தைத் தவணைப்படி கொடுங்கள். இன்னொரு விஷயம், சாப்பாட்டோடு சேர்த்துப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். தேயிலையில் வாழும் நமக்கே இது பலருக்குத் தெரியாது. குடிப்பதானால் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும்.

பிள்ளை முதலில் பிடித்த விளையாட்டிலேயே நிற்க வேண்டும் என்பதும் இல்லை. முத்தையா முரளிதரனின் பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளிதரன் கண்டியில் பிறந்து, பாடசாலையில் முதலில் வேகப்பந்துதான் வீசினார். 14 வயதளவில் பயிற்சியாளரின் சொல் கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 2010ஆம் ஆண்டு ஓய்வுபெறும்போது டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். பக்கத்தில் நின்று பார்த்த ஒரு பெரியவரின் கண் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உதவியது என்பதை யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டுப் போட்டிக்குப் போனால் ஒரு பேர் போய்விடும் என்பது உண்மையான கஷ்டம். போட்டித் திகதியை முன்கூட்டியே கேட்டு வைத்து, இந்த முறை அப்பா, அடுத்த முறை அம்மா என்று மாறிப் போகலாம். இல்லாவிட்டால் தாத்தாவோ அம்மாச்சியோ போகட்டும். வேலிக்கு வெளியே நம்ம ஆள் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தாலே பிள்ளை இன்னும் வேகமாக ஓடும். வயதுப் பிரிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். கடைசி நேரத்தில் அது இல்லாமல் வலயப் போட்டி வாய்ப்பை இழக்கக் கூடாது. பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிந்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை.

தப்பும் பாட்டும்

நம் தோட்டங்களில் இசைக்குக் குறைவில்லை. மாசி மாதம் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், திருவிழாவுக்குத் தப்பு, உறுமி. ஒரு காலத்தில் விடியலில் பிரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்புத்தான். இவற்றைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதில்லை, காதால் கேட்டே பிடிக்கிறார்கள். தகரத்திலும் மேசையிலும் தாளம் போடும் பிள்ளையை "சத்தம் போடாத" என்று அடக்குமுன் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். தொடங்கிய வேகத்திலேயே கடைசி வரை தட்டுகிறதா? ஒரு தடவை கேட்ட அடியைத் திரும்ப அடிக்கிறதா? அப்படியானால் அந்தப் பிள்ளைக்குத் தாளம் இருக்கிறது.

"தப்பு அடிக்கிறது அவங்க வேலை" என்ற பேச்சு இன்னும் சில இடங்களில் இருக்கிறது. திறமையைச் சாதிக்குள் கட்டிப்போடும் இந்தப் பேச்சைப் பிள்ளைகள் காதில் போடாதீர்கள்.

சங்கீதம் தெரியாத தாய் தகப்பன் எப்படிக் கவனிப்பது என்று கேட்கலாம். ராகம் தெரியத் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து, "போன கிழமை படிச்சதைப் பாடு" என்று கேளுங்கள். போன மாதம் திக்கிய இடத்தை இப்போது திக்காமல் பாடினால் அது முன்னேற்றம். பையன்களுக்கு 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடையும். நேற்றுவரை தேவாரம் பாடியவன் இன்று கரகரக்கிறான் என்று சிரிக்காதீர்கள். அந்த மாதங்களில் உச்சத்தில் பாடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். குரல் கீழே இறங்கி நிலைத்தபின் மீண்டும் பாடலாம். அவமானப்பட்டு விட்டவன் பிறகு பாட வரமாட்டான்.

6ஆம் தரத்திலிருந்து சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளையையும் ஆசிரியரையும் கேட்டுப் பேசுங்கள். தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம், அகில இலங்கை என்று போகின்றன. வாங்கும் சான்றிதழை லயத்தின் ஒழுக்குத் தண்ணீர் படாமல் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடு உண்டு.

பெரியபிள்ளை ஆனபிறகு

பெண்பிள்ளை வயசுக்கு வந்ததும் சடங்கு வைப்பது நம் வழக்கம். வைக்கலாம். ஆனால் கடன் வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவது சரியா? "பெரியபிள்ளை ஆயிட்டா, இனி என்ன ஓட்டம்" என்று மைதானத்திலிருந்து நிறுத்துவதும் பல தோட்டங்களில் நடக்கிறது. மாதவிடாய் வந்த பெண் ஓடக் கூடாது, பந்து விளையாடக் கூடாது என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை. இரத்தம் போவதால் இரும்புச்சத்துள்ள சாப்பாடு கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான். 15 வயதாகியும் வயசுக்கு வராவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். 6ஆம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017இலிருந்து பாடசாலையில் போடப்படுகிறது. அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

பையன்களுக்கும் இது ஆபத்தான காலம். கொழும்புக் கடைக்கு ஆள் கேட்டு வருகிறவர்கள் இந்த வயதைத்தான் தேடுகிறார்கள். கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. அதற்குக் குறைந்த பிள்ளையை வீட்டு வேலைக்கோ கடைக்கோ அனுப்புவது சட்டத்துக்கு விரோதம். இப்படி ஏதும் தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.

ஒரு கொப்பி போதும்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிறந்த நிறை, முதல் நடை, முதல் சொல், ஒவ்வொரு பிறந்தநாளிலும் உயரம், போட்ட ஊசிகள், ஓடிய தூரமும் நேரமும், பாடிய பாட்டு, வாங்கிய சான்றிதழ் எல்லாவற்றையும் திகதியோடு எழுதுங்கள். தோற்ற போட்டியையும் எழுதுங்கள். போன வருடம் ஆறாவதாக வந்தவன் இந்த வருடம் நான்காவதாக வந்தால், பரிசு இல்லாவிட்டாலும் அது ஏற்றந்தான்.

எல்லாப் பிள்ளைகளும் வீரராகவோ பாடகராகவோ ஆகப்போவதில்லை. அதற்காக இதைச் சொல்லவில்லை. டாக்டர் "எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டால் அந்தக் கொப்பி பதில் சொல்லும். ஆசிரியர் "இவளுக்கு எதில் விருப்பம்?" என்று கேட்டாலும் பதில் சொல்லும். இந்த மாதச் சம்பளத்தில் ஒரு கொப்பி வாங்குங்கள். பெட்டிக்கு அடியில் கிடக்கும் பதிவேட்டை இன்றிரவே எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.