மின்சார ஸ்கூட்டர் வாங்குமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கள்!

பெங்களூர் வீதிகளில் பச்சை நம்பர் பலகை மாட்டிய வண்டிகள் பெருகிவிட்டன. சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும் இந்த ஸ்கூட்டர்களைக் கண்டு, அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில், "நாமும் ஒன்று வாங்கினால் என்ன?" என்ற பேச்சு எழுந்திருக்கிறது. இந்நகருக்கு மின்சார வண்டி புதிதல்ல. 2001லேயே 'ரேவா' என்ற குட்டிக் கார் இங்கே தயாராகி விற்பனைக்கு வந்தது. அன்று அதை வேடிக்கை பார்த்தவர்கள்தாம் அதிகம்.

இன்று கணக்கு மாறியிருக்கிறது. அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குச் செல்பவருக்குப் போக வர 40 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. மாதம் 1,100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 25 லிட்டராவது வேண்டும். அதாவது சுமார் 2,500 ரூபாய். மின்சார ஸ்கூட்டரோ ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடுகிறது. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 45 யூனிட். யூனிட் 6 ரூபாய் வீதம் 270 ரூபாயில் மாதம் முடிந்துவிடும். ஆயில் மாற்றும் செலவும் கிடையாது.

சில்க் போர்டு நெரிசலில் இதன் அருமை இன்னும் தெரியும். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் மின்சாரத்தைக் குடிப்பதில்லை. வேகத்தைக் குறைக்கையில் கொஞ்சம் மின்சாரம் பாட்டரிக்கே திரும்புகிறது. கடும் வெயில் பாட்டரிக்கு ஆகாது. அந்த வகையில் பெங்களூர்ச் சீதோஷ்ணம் அதற்கு அனுகூலமே.

சரி, சார்ஜ் எங்கே போடுவது? இங்கேதான் சிக்கல். சொந்த வீடு, கீழ்த்தளத்தில் சொந்த மீட்டர் என்றால் கவலையில்லை. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? "கீழே பிளக் பாயிண்ட் கொடுக்க முடியாது" என்று வீட்டுக்காரர் கையை விரித்தால், பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பால்கனியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. மழைக்காலத்தில் இது உயிரோடு விளையாடுவது. கழற்றி எடுத்துச் செல்லும் பாட்டரி உள்ள வண்டிகள் வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்றவை. ஆனால் அதுவும் ஒரு சிறு அரிசி மூட்டைக் கனம். தினமும் மாடியேற்ற வேண்டும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. 2023ல் வந்த 'கிருஹ ஜோதி' திட்டத்தின்படி, வீட்டின் பழைய சராசரிக்கு ஏற்ப 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். தனக்குரிய அளவைத் தாண்டினால் மிகுதிக்குப் பணம் கட்ட வேண்டும். 200ஐயே தாண்டிவிட்டால் முழு பில்லும் தலையில் விழும். 170 யூனிட் செலவாகும் வீட்டில் ஸ்கூட்டருக்காக 45 யூனிட் கூடினால், 270 ரூபாய் என்று போட்ட கணக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். அப்போதும் பெட்ரோலைவிட லாபந்தான். ஆனால் கடைக்காரர் சொன்ன லாபம் அல்ல.

தீ விபத்து பற்றிய பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நடந்த விபத்துக்களுக்குப் பின் பாட்டரிக்கான சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. அப்படியிருந்தும், மாடிப்படிக்கு அடியிலோ வெளியேறும் வழியிலோ வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடுவது தகாது. எர்த் இணைப்புள்ள தனி பிளக் வேண்டும். ஓடிவந்த சூடு தணிந்த பிறகே சார்ஜ் போடுவது நல்லது.

விலை விஷயத்தில் முன்பிருந்த சலுகை இப்போது சுருங்கிவிட்டது. ஒரு கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாயாக இருந்த மத்திய அரசு மானியம் 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024ல் 5,000, 2025 ஏப்ரலில் 2,500. மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமே என்றாலும், 2025 செப்டம்பரில் பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் வரி 28லிருந்து 18 ஆகக் குறைந்தது. உத்தரவாதக் காலம் முடிந்து பாட்டரி மாற்ற நேர்ந்தால், வண்டி விலையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். பழைய வண்டியை விற்கப் போனாலும், வாங்க வருபவர் முதலில் பாட்டரியின் வயதைத்தான் கேட்கிறார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால்? ஓசூர் வரை ஸ்கூட்டரிலேயே போய்விடலாம். சேலம் 200 கிலோமீட்டர். அதற்கு இது ஆகாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ நின்று விரைவு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் பிடிக்கும். பண்டிகை நாளில் முன்னால் இரண்டு கார் நின்றால் மூன்று மணி. பிள்ளைகளோடு போகிறவர்கள் போகிக்கு முதல் நாளே கிளம்பிவிடுவது உத்தமம்.